குதிரை கண்ட நஞ்சு

பாம்பு நஞ்சுக்கு எதிராகக் குதிரையின் உடல் உருவாக்கிய ஆன்டிபாடிகளைப் பிரித்தெடுத்து, பாம்பு கடித்தவரின் ரத்தத்தில் ஏற்றுவதே நஞ்சுமுறி மருத்துவம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் அதன் புழக்கப் பெயர் ஏ.எஸ்.வி. நோய் எதிர்ப்பியல் ஆய்வுக்கூடத்தை விட்டு நோயாளியின் படுக்கைக்கு வந்த முதல் வடிவங்களில் இதுவும் ஒன்று. புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் ஆலைகளில் வளரும் செல்கள் ஒற்றை வகை ஆன்டிபாடியைச் சுரந்து தரும் காலம் இது. பாம்புக்கடிக்கு மட்டும் 1890களில் வகுத்த வழிதான் இன்றும் உயிர் காக்கிறது. அந்த வழியின் எந்த இடத்தில் நின்று வேலை செய்பவரும், நஞ்சு எடுக்கும் இருளர் பழங்குடியினரானாலும் குதிரைக்கு ஊசி போடுபவரானாலும் வார்டில் இரவுப் பணி பார்க்கும் மருத்துவரானாலும், ஒரே உண்மையைத்தான் வெவ்வேறு முகங்களில் சந்திக்கிறார்: ஆன்டிபாடி தனக்குக் காட்டப்பட்ட நஞ்சை மட்டுமே அறியும்.

பாம்புக்கடிக்குத் தடுப்பூசி ஏன் இல்லை என்று கிராமங்களில் அடிக்கடி கேட்பார்கள். நியாயமான கேள்வி. தடுப்பூசி உடலில் விட்டுச்செல்லும் நினைவுச் செல்கள் மறுபடி விழித்துப் பெருகி, போதிய ஆன்டிபாடியைச் சுரக்கச் சில நாட்கள் வேண்டும். அம்மைக்கிருமி அந்த அவகாசத்தைத் தரும். நல்ல பாம்பு தராது. அதன் நஞ்சு சில மணி நேரத்திலேயே மூச்சை நிறுத்திவிடும். எப்போதும் ரத்தத்தில் ஆன்டிபாடி நிறைந்திருக்க வேண்டுமென்றால் ஓயாமல் ஊசி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஜப்பானின் அமாமித் தீவுகளில் ஹாபு என்ற குழிவிரியனுக்கு எதிராக 1960களில் நஞ்சின் வீரியம் நீக்கிய தடுப்பூசியை முயன்றார்கள்; அது நிலையான வழக்கமாகவில்லை. ஆகவே வேறோர் உடல் ஏற்கெனவே செய்து முடித்த ஆன்டிபாடியை நேராக ஏற்றுவது ஒன்றே வழியாக நின்றது.

அந்த வழியைத் திறந்தவர்கள் எமில் பெரிங்கும் ஷிபாசபுரோ கிடாசாட்டோவும். டெட்டனஸ், டிப்தீரியா நச்சுகளை எதிர்த்துப் பழகிய விலங்கின் சீரம், பழகாத விலங்கையும் காக்கும் என்று 1890இல் காட்டினார்கள். நான்கு ஆண்டுகளில் அதே கருத்து பாம்பு நஞ்சுக்கு வந்தது. பாரிஸில் சேசர் ஃபிசாலிக்ஸும் காப்ரியேல் பெர்த்ராவும் ஒருபுறம், பாஸ்டர் நிறுவனத்தில் ஆல்பெர் கால்மெத் மறுபுறம், இருதரப்பும் 1894 பிப்ரவரியில் தம் முடிவுகளை அறிவித்தனர். கால்மெத்துக்கு இந்த ஆர்வம் வியட்நாமின் சைகோனில் பிறந்தது. 1891இல் பாக் லியூ அருகே வெள்ளம் நாகப்பாம்புகளை ஊருக்குள் விரட்ட, குறைந்தது 40 பேர் கடிபட்டு நால்வர் இறந்தனர். அங்கு பிடிபட்ட பாம்புகள் அவரிடம் வந்து சேர்ந்தன.

நாகத்தின் நஞ்சைக் கொண்டு செய்த தன் சீரம் எல்லாப் பாம்புகளுக்கும் போதும் என்று கால்மெத் நம்பினார். இந்தியாவில் பணியாற்றிய ஜார்ஜ் லேம்ப் என்ற ராணுவ மருத்துவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைச் சோதித்து, கண்ணாடிவிரியன் நஞ்சுக்கு அந்தச் சீரத்தால் பயனில்லை என்று கண்டார். பிரேசிலில் விட்டால் பிராசில் என்ற மருத்துவர் தம் நாட்டு விரியன்களைக் கொண்டு இதே முடிவுக்கு வந்து, சாவ் பாலோவின் புட்டன்டான் நிறுவனத்தில் அந்தந்தப் பாம்புக்கு அந்தந்தச் சீரம் என்ற வழியை நிலைநாட்டினார். நஞ்சுமுறியின் பிற்கால வரலாறு முழுவதும் இந்தக் கண்டுபிடிப்பின் தொடர்ச்சிதான்.

இந்திய மருந்து நான்கு பாம்புகளின் நஞ்சுக்கு எதிராகச் செய்யப்படுகிறது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். அந்த நஞ்சின் பெரும்பகுதி பல்லாண்டுகளாகச் சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள வடநெம்மேலியிலிருந்து போகிறது. ஒருகாலத்தில் பாம்புத் தோல் வியாபாரத்தை நம்பி வாழ்ந்த இருளர்கள், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்த தோல் ஏற்றுமதித் தடையும் வந்தபின் வருமானம் இழந்தனர். பாம்பியல் அறிஞர் ராமுலஸ் விட்டேக்கரின் துணையோடு 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவானது. கொன்று தோலுரித்த அதே திறமை, உயிரோடு பிடித்து நஞ்செடுத்து விட்டுவிடும் திறமையாயிற்று. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்கள் பத்மஸ்ரீ பெற்றபோது, நாட்டின் நஞ்சுமுறி எங்கே தொடங்குகிறது என்று பலர் முதன்முறையாக அறிந்தனர்.

இருளரின் வேலை வயலில் தொடங்குகிறது. எலிவளை வாயில் மண் எப்படி மழுங்கியிருக்கிறது, உரித்த சட்டை எவ்வளவு ஈரமாக இருக்கிறது, எச்சம் பழையதா புதியதா என்று பார்த்துக் கடப்பாரையைப் போடுவார்கள். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறையின் அனுமதியில் வரம்பு உண்டு. பிடித்த பாம்பு, வாயில் துணி கட்டிய மண்பானையில் ஏறக்குறைய மூன்று வாரம் இருக்கும். வாரம் ஒருமுறை, கண்ணாடிக் குவளையின் வாயில் இழுத்துக் கட்டிய மெல்லிய சவ்வைக் கடிக்க வைத்து நஞ்சு எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டுக் காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் இருக்கும்வரை அதே பாம்பை மறுபடி பிடிப்பதில்லை. கண்ணாடிவிரியன் தாராளமாகத் தரும். சுருட்டைவிரியன் சில மில்லிகிராம்தான் தரும். ஒரு கிராம் சேர நூற்றுக்கணக்கான பாம்புகள் வேண்டும். எடுத்த நஞ்சை உறையவைத்து உலர்த்தினால் அது பொடியாகி, ஆண்டுக்கணக்கில் கெடாமல் நிற்கும்.

அந்தப் பொடி குதிரைக்குப் போகிறது. முதலில் தீங்கு செய்யாத அளவில் மிகச் சிறிது, எதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருளோடு கலந்து தோலுக்கடியில். வாரங்கள் செல்லச்செல்ல அளவு கூடும். குதிரையின் நிணநீர்க் கணுக்களில் ஆன்டிபாடி செய்யும் பி-செல்கள் நஞ்சின் ஒவ்வொரு புரதத்தோடும் உரசிப் பார்க்கின்றன. கொஞ்சமாவது ஒட்டுபவை பெருகுகின்றன. பெருகும்போதே அவற்றின் ஆன்டிபாடி மரபணுவில் சிறு பிழைகள் சேர்கின்றன. இன்னும் இறுக்கமாகப் பற்றுபவை மட்டும் அடுத்த சுற்றுக்குத் தேறுகின்றன. மாதக்கணக்கில் இந்தத் தேர்வு நடந்தபின் குதிரையின் ரத்தத்தை எடுத்து, பிளாஸ்மாவைப் பிரித்துக்கொண்டு, சிவப்பணுக்களைக் குதிரைக்கே திருப்பி ஏற்றுவார்கள். நான்கு நஞ்சுகளும் கலந்து ஒரே மருந்தாக வேண்டுமென்பதால் கலவையின் விகிதம் முக்கியம்.

இந்தக் கட்டத்தில் ஒரு முரண் இருக்கிறது. நஞ்சுமுறி செய்யும் ஒவ்வொருவரும் அதோடு போராடுகிறார்கள். விரியன் நஞ்சின் நொதிகள் பெரிய புரதங்கள். குதிரையின் எதிர்ப்பு மண்டலம் அவற்றை எளிதில் கண்டுகொள்ளும். நல்ல பாம்பின் நஞ்சில் உயிரைப் பறிப்பவையோ ஏறத்தாழ 7,000 டால்டன் எடையே கொண்ட, மூன்று விரல் மடிப்பு வடிவத்து மிகச் சிறிய புரதங்கள். அவை எதிர்ப்பைச் சரியாகத் தூண்டுவதில்லை. மிகக் கொடிய மூலக்கூறுக்கு எதிராகத்தான் மிகக் குறைந்த ஆன்டிபாடி கிடைக்கிறது.

பிளாஸ்மாவிலிருந்து ஆன்டிபாடியைப் பிரித்து, பெப்சின் நொதியால் அதன் வாலை வெட்டி நீக்குகிறார்கள். நஞ்சைப் பற்றும் இரு கைகள் மட்டும் மிஞ்சுகின்றன. வால்தான் உடலின் மற்ற எதிர்ப்புச் செல்களைக் கிளப்பிவிடும் பகுதி என்பதால், அதை நீக்கினால் ஒவ்வாமை குறையும். வெண்பொடியாக உலர்த்திய குப்பியை 10 மில்லிலிட்டர் நீரில் கரைத்தால் மருந்து தயார். வேகமாகக் குலுக்கினால் நுரைத்துப் புரதம் கெடும். உள்ளங்கைகளுக்கிடையே உருட்டித்தான் கரைக்க வேண்டும். நெருக்கடியில் பத்துக் குப்பியைப் பொறுமையாக உருட்டிக் கரைக்கும் செவிலியரின் கையில்தான் மருந்தின் தரத்தில் ஒரு பங்கு இருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: குப்பியிலுள்ள ஆன்டிபாடிகளில் பெரும்பகுதி நஞ்சைப் பற்றுவதே இல்லை. குதிரை தன் வாழ்நாளில் சந்தித்த கிருமிகள், மகரந்தங்கள், தடுப்பூசிகள் எல்லாவற்றுக்கும் எதிரான ஆன்டிபாடிகளும் சேர்ந்தே நோயாளிக்குள் போகின்றன.

இந்திய விதிப்படி ஒரு மில்லிலிட்டர் மருந்து நல்ல பாம்பு நஞ்சில் 0.6 மில்லிகிராம், கண்ணாடிவிரியன் நஞ்சில் 0.6, கட்டுவிரியன் நஞ்சில் 0.45, சுருட்டைவிரியன் நஞ்சில் 0.45 மில்லிகிராமை முறிக்க வேண்டும். கண்ணாடிவிரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் நஞ்சைச் செலுத்துகிறது என்பது அளந்து கண்ட கணக்கு. முதல் தவணையாகப் பத்துக் குப்பி என்ற வழக்கம் இங்கிருந்துதான் வந்தது. குழந்தைக்கும் அதே பத்து. ஆளின் எடைக்கு ஏற்ப மருந்தைக் குறைத்துப் பழகிய கைக்கு இது முதலில் தயக்கம் தரும். ஆனால் மருந்து முறிக்க வேண்டியது நஞ்சை. பாம்பு குழந்தையென்று பார்த்துக் குறைவாகச் செலுத்துவதில்லை.

அவசரப் பிரிவில் முதல் கேள்வி எந்தப் பாம்பு என்பதல்ல, நஞ்சு ஏறியிருக்கிறதா என்பதே. கடிபட்ட எல்லோருக்கும் நஞ்சு ஏறுவதில்லை. விஷமில்லாத பாம்பாக இருக்கலாம், நஞ்சுள்ள பாம்பே வெறுங்கடி கடித்திருக்கலாம். அடித்துக் கொன்ற பாம்பைப் பையில் போட்டு எடுத்து வருபவர்கள் உண்டு. இப்போது கைப்பேசியில் படம் வருகிறது. அடையாளம் உதவும், ஆனால் அதை நம்பி முடிவெடுப்பதில்லை. உடல் என்ன சொல்கிறது என்பதுதான் வழிகாட்டி. வழியில் இறுகக் கட்டிய கயிறும், பிளேடால் கீறிய காயமும், பச்சிலைப் பற்றும் சிகிச்சையைக் கடினமாக்கும். இறுக்கிக் கட்டிய கட்டைச் சட்டென்று அவிழ்த்தால் தேங்கி நின்ற நஞ்சு ஒரேயடியாகப் பாயும் என்பதால், சிரைவழி ஊசி பொருத்தி மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டுதான் அவிழ்க்க வேண்டும்.

விரியன் கடிக்கு மிகச் சிறந்த சோதனை, விலையில்லாத ஒன்று. புதிய, உலர்ந்த கண்ணாடிச் சோதனைக் குழாயில் 2 மில்லிலிட்டர் ரத்தம் எடுத்து, தொடாமல் ஆட்டாமல் 20 நிமிடம் வைத்துப் பின் சாய்த்துப் பார்ப்பது. உறைந்திருந்தால் நிம்மதி. நீராக ஓடினால், நஞ்சு ரத்தத்தின் உறைபொருட்களைத் தின்று தீர்த்துவிட்டது. குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். ரத்தம் உறையும் தொடர்வினையைத் தொடங்கி வைப்பது கண்ணாடிப் பரப்பே. பிளாஸ்டிக் குழாயிலோ சோப்பு போட்டுக் கழுவிய குழாயிலோ நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கும். அதை நம்பினால் தேவையில்லாதவருக்குப் பத்துக் குப்பி ஏறும். நெரிசலான வார்டில் 20 நிமிடம் ஒரு குழாயை யாரும் தட்டாமல் காப்பது சின்ன வேலையல்ல. சுவரில் அதற்கென ஒரு தாங்கி வைத்து, நேரம் எழுதிய ஒட்டுக்காகிதத்தோடு நிறுத்துவது நல்ல வழக்கம். உறைபொருட்களைத் தூண்டித் தீர்க்கும் கண்ணாடிவிரியன் நஞ்சின் இதே ஆற்றல் இன்னொரு துறைக்கும் பயன்படுகிறது: உடல், பாஸ்போலிப்பிடுகளைப் பற்றும் தன் புரதங்களுக்கே எதிராக ஆன்டிபாடி செய்து ரத்தக்கட்டுகளையும் கருச்சிதைவுகளையும் உண்டாக்கும் நோயைக் கண்டறியும் ரத்தச் சோதனையில், நீர்த்த கண்ணாடிவிரியன் நஞ்சுதான் முக்கியப் பொருள்.

கட்டுவிரியன் வேறு விதம். தரையில் படுத்துத் தூங்குபவரை நள்ளிரவுக்குப் பின் கடிக்கும். வலியில்லை, வீக்கமில்லை, பல்தடம் பல சமயம் கண்ணுக்கே தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலியென்று எழுந்திருப்பார். சிறிது நேரத்தில் இமைகள் சரியும், பேச்சு குழறும், எச்சிலை விழுங்க முடியாது. மழைக்காலத்தில் விடிகாலை வயிற்றுவலியோடு வரும் ஒவ்வொருவரின் இமைகளையும் பார்க்க வேண்டும் என்பது இந்தப் பகுதிகளில் வேலை செய்யும் மருத்துவர்கள் இளையவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம். கட்டுவிரியனின் நஞ்சு நரம்பு முனையையே சிதைக்கிறது. சிதைந்ததை எந்த ஆன்டிபாடியும் சரிசெய்யாது. மருந்து புதிய சேதத்தைத் தடுக்கும், அவ்வளவே. பிறகு நரம்பு முனை தானாக வளரும்வரை, நாட்கணக்கில், வென்டிலேட்டர்தான் மூச்சு. நல்ல பாம்பின் நஞ்சு நரம்புச் செய்தியை வாங்கும் தசையின் வாசலை அடைத்து நிற்பது. அந்த அடைப்பு விலகக்கூடியது. அட்ரோபினோடு நியோஸ்டிக்மின் கொடுத்தால் சரிந்த இமைகள் கண்ணெதிரே மேலேறுவதைப் பார்க்கலாம்.

கட்டுவிரியன் கடிபட்டு முற்றிலும் செயலிழந்தவர் கண் திறக்க முடியாமல், விரல் அசைக்க முடியாமல் கிடப்பார். கருமணி விரிந்து, மூளை இறந்தவரைப் போலவே தோன்றுவார். ஆனால் அவருக்குக் காது கேட்கும், நினைவு இருக்கும். அவர் பக்கத்தில் நின்று நம்பிக்கையற்ற சொற்களைப் பேசக் கூடாது. ஊசி போடுமுன் சொல்லிவிட்டுப் போடுவதும், சொந்தக்காரரை அவர் காதருகே பேசச் சொல்வதும், வலிக்கும் தூக்கத்துக்கும் மருந்து தருவதும் சிகிச்சையின் பகுதிதான். இதை அறியாத இடங்களில் கருவியை நிறுத்திவிடும் ஆபத்து உண்மையாகவே இருக்கிறது.

மருந்து ஏறத் தொடங்கிய முதல் அரைமணி நேரம் படுக்கையை விட்டு நகரக் கூடாது. இலங்கையில் களனிப் பல்கலைக்கழகத்தின் ஜனக டி சில்வா குழுவினர் 1,007 நோயாளிகளிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், நஞ்சுமுறி பெற்ற நால்வரில் மூவருக்கு உடனடி ஒவ்வாமை வந்தது. அவற்றில் கணிசமானவை கடுமையானவை. மருந்துக்கு முன்பே 0.25 மில்லிகிராம் அட்ரினலினைத் தோலுக்கடியில் போட்டால், கடும் ஒவ்வாமை முதல் மணி நேரத்தில் 43 சதவீதம் குறைகிறது என்று அதே ஆய்வு காட்டியது. வழக்கமாகத் தரப்படும் ஸ்டீராய்டும் ஆன்டிஹிஸ்டமினும் அந்தப் பாதுகாப்பைத் தரவில்லை. தெற்காசியாவின் வார்டு நடைமுறைக்கு இந்த ஆய்வு செய்த உதவி பெரிது. முதலில் அரிப்பு, ஓரிரு தடிப்பு, வறட்டு இருமல், வாந்தி. அதன்பின் ரத்த அழுத்தம் சரியும். சொட்டை நிறுத்தி, தொடையில் அட்ரினலின் போட்டு, சீரானதும் மெதுவாக மறுபடி தொடங்க வேண்டும். ஒவ்வாமைக்கு அஞ்சி மருந்தையே கைவிட்டால் நஞ்சு வென்றுவிடும். முன்னே குதிரைச் சீரம் பெறாதவருக்கும் இந்த ஒவ்வாமை வருகிறது. பெரும்பாலும் இது வழக்கமான ஒவ்வாமை ஆன்டிபாடிகளால் நடப்பதன்று. ஆகவேதான் தோலில் சிறிது போட்டுச் சோதித்துப் பார்க்கும் பழைய வழக்கம் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அது நேரத்தை மட்டும் தின்னும்.

ஆறு மணி நேரம் கழித்து மறுபடி கண்ணாடிக் குழாய். நஞ்சு முறிந்திருந்தாலும் கல்லீரல் புதிய உறைபொருட்களைச் செய்ய அவ்வளவு நேரம் ஆகும் என்பதால் அதற்கு முன் பார்ப்பது வீண். உறையவில்லை என்றால் இன்னொரு தவணை. கண்ணாடிவிரியன் கடியில் சிறுநீர் குறைந்து கருஞ்சிவப்பாக மாறினால், போர் சிறுநீரகத்துக்கு நகர்ந்துவிட்டது என்று பொருள். அங்கே டயாலிசிஸ்தான் உதவும்.

உயிர் தப்பி வீட்டுக்குப் போனவர் ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், மூட்டுவலி, தோல் தடிப்போடு திரும்பி வரலாம். விஷம் முழுதும் இறங்கவில்லை என்று குடும்பம் பதறும். அது நஞ்சின் வேலையல்ல. நோயாளியின் உடல் குதிரைப் புரதத்துக்கு எதிராக இப்போது தன் ஆன்டிபாடியைச் செய்திருக்கிறது. இரண்டும் சேர்ந்த கொத்துகள் மூட்டுகளிலும் ரத்தக்குழாய்களிலும் படிகின்றன. டிப்தீரியாவுக்குக் குதிரைச் சீரம் பெற்ற குழந்தைகளிடம் இதைக் கண்டு, கிளெமென்ஸ் ஃபான் பிர்கேயும் பேலா ஷிக்கும் 1905இல் சீரநோய் என்று விவரித்தார்கள். எதிர்ப்பு மண்டலமே நோயை உண்டாக்கலாம் என்ற எண்ணம் மருத்துவத்தில் வேரூன்ற அந்த விவரிப்பு துணைநின்றது. சில நாள் ஸ்டீராய்டு போதும். வீட்டுக்கு அனுப்பும்போதே இதைச் சொல்லிவிடுவது, அந்தக் குடும்பம் மந்திரிப்பவரிடம் போகாமல் தடுக்கும்.

இவ்வளவும் சரியாக நடந்தும் மருந்து தோற்கும் இடங்கள் உண்டு. தமிழ்நாட்டுப் பாம்புகளின் நஞ்சைக் கண்ட குதிரையின் மருந்து ராஜஸ்தானுக்கும் வங்காளத்துக்கும் போகிறது. ஒரே இனப் பாம்பின் நஞ்சே ஊருக்கு ஊர் மாறுபடும். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் கார்த்திக் சுனாகரின் ஆய்வுக்குழு 2019 முதல் வெளியிட்டுவரும் கட்டுரைகள், இந்த வேறுபாடு வெறும் வேதியியல் விவரமல்ல, மருந்தின் வலிமையையே குறைக்கிறது என்று காட்டின. அந்த நான்கு பாம்புகளின் பட்டியலில் இல்லாத சிந்துக் கட்டுவிரியன், ஒற்றைக்கண் நாகம் போன்றவற்றிடம் அது இன்னும் தளர்கிறது. இலங்கைக் கண்ணாடிவிரியன் ரத்தத்தோடு நிற்பதில்லை. நரம்பையும் தாக்கி இமைகளைச் சரியவைக்கிறது. அங்கேயும் இந்திய மருந்துதான். இலங்கையிலும் கேரளத்திலும் தோட்டங்களில் கடிக்கும், மூக்குநுனி மேல்நோக்கி வளைந்த சிறு குழிவிரியன் சிலரின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. அதற்கு எதிராக இந்த மருந்து வேலை செய்வதில்லை. குதிரை அந்த நஞ்சைக் கண்டதே இல்லை.

கண்ட நஞ்சை மட்டுமே அறியும் இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட முடியுமா என்பதுதான் இன்றைய ஆய்வு. ஒரு நஞ்சில் பல பத்துப் புரதங்கள் இருந்தாலும், கொல்பவை சில குடும்பங்களைச் சேர்ந்தவையே. ஒரு குடும்பம் முழுவதும் மாற்றமுடியாமல் வைத்திருக்கும் பகுதியைப் பற்றும் ஆன்டிபாடி கிடைத்தால், அது காணாத பாம்பையும் வெல்லும். எச்.ஐ.வி. ஆய்வில் தொடங்கிய பரந்த வீச்சு ஆன்டிபாடி என்ற எண்ணம் இப்படிப் பாம்புக்கு வந்தது. கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனமும் சுனாகரின் குழுவும் இணைந்து 2024 பிப்ரவரியில் 95மேட்5 என்ற மனித ஆன்டிபாடியை அறிவித்தன. எந்த விலங்குக்கும் நஞ்சு ஏற்றாமல், சோதனைக் குழாயில் உருவாக்கிய கோடிக்கணக்கான ஆன்டிபாடிகளிலிருந்து அதைச் சலித்தெடுத்தார்கள். நச்சு, தசையின் வாசலை எந்த இடத்தில் பற்றுகிறதோ, அந்த வாசலின் வடிவத்தையே இந்த ஆன்டிபாடி ஒத்திருக்கிறது. வாசலைப் பற்றாமல் நச்சு கொல்ல முடியாது என்பதால் அந்தப் பகுதியை அது எளிதில் மாற்றிக்கொள்ளவும் முடியாது. கட்டுவிரியன் இனம், நாகம், ஆப்பிரிக்கக் கருப்பு மாம்பா ஆகியவற்றின் நஞ்சிலிருந்து அது எலிகளைக் காத்தது.

2025 மே மாதம் வெளியான ஆய்வு வேறு வழியில் வந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சினைச் சேர்ந்த டிம் ஃப்ரீடி, ஏறத்தாழ 18 ஆண்டுகள் 16 கொடிய இனங்களின் நஞ்சைத் தன் உடலில் தானே ஏற்றிப் பழகியவர். அவருடைய நினைவுச் செல்களிலிருந்து ஜேக்கப் கிளான்வில், பீட்டர் குவாங் குழுவினர் இரண்டு ஆன்டிபாடிகளைப் பிரித்தெடுத்து, வரெஸ்ப்ளாடிப் என்ற சிறுமூலக்கூறு மருந்தோடு சேர்த்தனர். நாகக் குடும்பத்தின் 19 இனங்களில் 13இன் நஞ்சிலிருந்து எலிகள் முழுதும் தப்பின. மற்ற ஆறில் ஓரளவு. இதைப் படித்துவிட்டு யாரும் அவரைப் பின்பற்றக் கூடாது. அந்தச் செல்கள் இப்போது ஆய்வகத்தில் இருக்கின்றன. இன்னொரு மனிதர் அந்த ஆபத்தை ஏற்கத் தேவையில்லை.

ஒட்டகக் குடும்பத்து விலங்குகளில் இருக்கும், இலகு சங்கிலி இல்லாத விசித்திர ஆன்டிபாடிகளை பெல்ஜிய ஆய்வாளர்கள் 1993இல் அறிவித்தார்கள். அவற்றின் பற்றும் நுனியை மட்டும் வெட்டியெடுத்தால் வழக்கமான ஆன்டிபாடியில் பத்தில் ஒரு பங்கு எடை. டென்மார்க்கில் ஆண்ட்ரியாஸ் லவுஸ்ட்சன் குழுவினர் இப்படி எட்டு நுண்ணான்டிபாடிகளைக் கலந்து, ஆப்பிரிக்காவின் 18 நாக, மாம்பா இனங்களில் 17இன் நஞ்சிலிருந்து எலிகளைக் காத்ததாக 2025இல் வெளியிட்டனர். சிறியது என்பதால் நுண்ணான்டிபாடி கடிவாயைச் சுற்றிய திசுவுக்குள் விரைந்து நுழைகிறது. குதிரை ஆன்டிபாடி பெரிது. ரத்தத்தில் நஞ்சை முறித்தாலும் திசு அழுகலைத் தடுக்கத் தாமதமாகவே போய்ச் சேர்கிறது. பிழைத்தும் விரலை, காலை இழந்தவர்களைப் பார்த்த எவருக்கும் இந்த ஒரு பண்பின் மதிப்பு புரியும். அதே ஆண்டு ஜனவரியில் டேவிட் பேக்கரின் ஆய்வகம் இன்னும் ஒரு படி தாண்டி, எந்த விலங்கும் இல்லாமல் கணினியில் வடிவமைத்த சிறு புரதங்களால் மூன்று விரல் மடிப்பு நச்சுகளை முடக்கியது.

இந்த முடிவுகள் ஏறத்தாழ எல்லாமே நாகக் குடும்பத்தைப் பற்றியவை. இந்தியாவில் உயிரிழப்பும் ஊனமும் பெருமளவில் கண்ணாடிவிரியனால். அதன் நஞ்சில் உலோகம் சார்ந்த நொதிகள், பாஸ்போலிபேஸ், உறைவைத் தூண்டும் புரதங்கள் எனப் பல குடும்பங்கள் ஒன்றாக இயங்குகின்றன. ஒரே பூட்டுச்சாவி அங்கே கிடைக்காது. பாஸ்போலிபேஸைத் தடுக்கும் வரெஸ்ப்ளாடிப் மாத்திரையை இந்தியாவிலும் அமெரிக்காவிலும் நோயாளிகளிடம் சோதித்துவிட்டார்கள். முதன்மை அளவுகோலில் அது தெளிவான வெற்றி பெறவில்லை. கடிபட்ட சில மணி நேரத்துக்குள் விழுங்கியவர்களிடம் நம்பிக்கை தரும் சாயல் தெரிந்தது. வயல் வரப்பிலேயே விழுங்கக்கூடிய ஒன்று, மருத்துவமனை வந்து சேரும்வரை நேரம் வாங்கித் தருமானால் அதுவே பெரிய முன்னேற்றம். கடியால் இறப்பவர்களில் பலர் குதிரை மருந்தைக் காணாமலே இறக்கிறார்கள்.

எலிச் சோதனையையும் அதன் எல்லையோடு படிக்க வேண்டும். வழக்கமான முறையில் நஞ்சையும் மருந்தையும் முன்னரே கலந்து ஊசியேற்றுவார்கள். மனிதருக்கு நஞ்சு முதலில் போகிறது, மருந்து மணிக்கணக்கில் பின்னால் வருகிறது. நஞ்சு ஏற்றிச் சற்றுப் பொறுத்து மருந்து தரும் சோதனையே உண்மைக்கு அருகில் நிற்பது. புதிய ஆய்வுகளில் அதைத் தேடிப் பார்ப்பது நல்லது. விலையும் கேள்விதான். ஆலையில் வளரும் செல்களில் செய்யும் ஆன்டிபாடி ஒவ்வொரு குப்பியிலும் ஒரே தரத்தில் இருக்கும், குதிரைப் புரதம் இல்லாததால் சீரநோய் அச்சம் குறையும். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தின் அலமாரிக்கு வரும் விலையில் அது இருக்க வேண்டும்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2020இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000. உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் முன்னுரிமைப் பிரிவில் சேர்த்தது. இந்திய அரசு 2024 மார்ச்சில் தேசியச் செயல்திட்டம் வெளியிட்டு, 2030க்குள் இறப்பைப் பாதியாக்க இலக்கு வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை, தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்தும் ஒவ்வொரு கடியையும் பதிவு செய்தாக வேண்டும். எந்த ஒன்றியத்தில், எந்த மாதத்தில், எத்தனை குப்பி ஏறியும் ரத்தம் உறையவில்லை என்ற கணக்கு அந்தப் பதிவேடுகளில் சேர்ந்தால், அடுத்து எந்த ஊர்ப் பாம்பின் நஞ்சைக் குதிரைக்கோ ஆய்வகத்துக்கோ காட்ட வேண்டும் என்பதை அங்கிருந்தே முடிவு செய்யலாம்.